அது உள்ளே என்ன செய்கிறது?

எந்த உயிரியல் பூங்காவுக்குப் போனாலும், மனிதக் குரங்கின் உலாவிடத்துக்கு முன்னால் அதிகம் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “எங்கே, காணோம்?”

எளாவூரிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூளூர்பேட்டையிலிருந்து வரும் ரயிலில் இடம் பிடித்து, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, எண்ணூர் எல்லாம் தாண்டி மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்க வேண்டும். சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க வேண்டும். வண்டலூரில் இறங்கி, டிக்கெட் எடுத்து, வெயிலில் நடந்து, கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் காலி செய்து, கடைசியில் சிம்பன்சியின் முன்னால் போய் நின்றால் புல் இருக்கிறது, மரம் இருக்கிறது, சிம்பன்சி மட்டும் இல்லை.

“இதுக்கா இவ்ளோ தூரம் ரயில் மாறி வந்தோம்?” என்று அம்மா அலுத்துக்கொள்வார். அப்பா கைதட்டிப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் இளவட்டங்கள் விசிலடிப்பார்கள். பையன் மட்டும் சரியான கேள்வியைக் கேட்பான்: “அது உள்ள என்னப்பா பண்ணுது?”

அந்தக் குடும்பத்தின் தாத்தாவுக்கு இந்தக் கஷ்டம் இருந்திருக்காது. அவர் சின்ன வயதில் பார்த்த ‘உயிர் காலேஜ்’, சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. (எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. மெட்ராஸ்காரர்கள் பெயர் வைப்பதில் மன்னர்கள்!) 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குத் தொகுப்புதான் பிற்பாடு அங்கே போனது. கம்பி, சிமெண்ட் தரை, பின்னால் ஒரு சுவர். விலங்கு ஒளிந்துகொள்ள மூலையே கிடையாது. கொடுத்த காசுக்கு அது தெரிந்தே தீரும்.

1985-ல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. மீட்பு மையத்தையும் சேர்த்து 602 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சொன்னால் 1,487. கம்பிக்குப் பதிலாக அகழி வந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்குப் பக்கத்தில் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-ல் திறந்த பூங்காவில் தொடங்கிய யோசனை அது. பார்ப்பவருக்கும் விலங்குக்கும் நடுவே கம்பி இல்லாமல் ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். தாத்தா காலத்தில் பார்ப்பவர்களுக்கு வசதியாக இருந்தது, இப்போது விலங்குக்கும் கொஞ்சம் வசதியாக இருக்கிறது. அந்த வசதியில் ஒன்றுதான் கண்ணில் படாமல் இருப்பது.

பையனின் கேள்விக்கு வருமுன் ஒரு சின்ன விளக்கம். குரங்கு வேறு, மனிதக் குரங்கு வேறு. பார்த்தவுடன் கண்டுபிடிக்க வாலைத் தேடினால் போதும். கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தைப் பறிக்கிறதே, அதற்கு நீளமான வால் உண்டு. சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஓராங்குட்டான், கிப்பான் எதற்கும் வால் கிடையாது. இவையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். நம் நாட்டுக்கும் சொந்த மனிதக் குரங்கு உண்டு. அசாம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலக் காடுகளில், தரையில் கால் வைக்காமல் கிளைக்குக் கிளை கையால் தொங்கிப் போகும் ஹூலக் கிப்பான் அது. வண்டலூர்ச் சிம்பன்சிகள் கோம்பியும் கௌரியும் சிங்கப்பூரிலிருந்து வந்த ஜோடி.

சிம்பன்சியும் கொரில்லாவும் ஓராங்குட்டானும் காட்டில் தினமும் சாயங்காலம் ஒரு வேலை செய்கின்றன. கிளைகளை வளைத்து, மடக்கி, இலையைப் பரப்பி, படுக்க ஒரு மெத்தை கட்டும். மறுநாள் அதை விட்டுவிட்டுப் போய்விடும். மறுநாள் சாயங்காலம் வேறு இடத்தில் வேறு மெத்தை. குட்டிகள் தாயைப் பார்த்தே இதைக் கற்றுக்கொள்கின்றன. சொந்த வீடு இல்லை, ஆனால் தினமும் புதுப் படுக்கை! அப்படிப்பட்ட பிராணிக்கு மனிதன் வீடு கட்டித் தர வேண்டியிருக்கிறது. அங்கேதான் சிக்கலே.

மனிதக் குரங்குக்கான வீட்டில் இரண்டு பாதி உண்டு. ஒன்று, பார்வையாளர் காணும் வெளிப்புற உலாவிடம். இன்னொன்று, பின்னால் மறைவாக இருக்கும் இரவுத் தங்குமிடம். எது பெரியது என்று கேட்டால் எல்லோரும் வெளிப்புறத்தைத்தான் காட்டுவார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. காலை 9 மணிக்கு வெளியே விட்டு, மாலை 5 மணிக்கு உள்ளே அடைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் வெளியே 8 மணி நேரம், உள்ளே 16 மணி நேரம். சிம்பன்சி நன்றாகப் பராமரித்தால் 50 வயது வரைகூட வாழும். அதில் மூன்றில் இரண்டு பங்கு, டிக்கெட் வாங்கியவர் யாரும் பார்க்காத அந்த அறையில் கழிகிறது. செடியும் பாறையும் நீர்வீழ்ச்சியும் வைத்து முன்பக்கத்துக்கு வாரி இறைத்துவிட்டு, பின்பக்கத்தில் நாலு சிமெண்ட் அறையோடு நிறுத்திக்கொண்ட பூங்காக்கள் உலகம் முழுக்க உண்டு. அது கல்யாண மண்டபத்து முகப்பு மாதிரி. சாப்பாட்டுக்கூடத்தை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

ஐரோப்பாவில் கதை தலைகீழாகத் தொடங்கியது. அங்கே உள்ளறைதான் முக்கியம், காரணம் குளிர். 1838 மார்ச் மாதம் லண்டன் உயிரியல் பூங்காவில் சார்லஸ் டார்வின் ஜென்னி என்ற ஓராங்குட்டானைப் பார்த்தார். அதை வைத்திருந்த இடம் ஒட்டகச்சிவிங்கி வீடு! அங்கேதான் கணப்பு வசதி இருந்தது. காப்பாளர் ஆப்பிளைக் காட்டிவிட்டுத் தராமல் இருக்க, ஜென்னி தரையில் புரண்டு, அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி அழுததை டார்வின் தன் அக்காவுக்குக் கடிதத்தில் எழுதினார். மனித இனத்தின் தோற்றத்தைப் பற்றிய அவருடைய யோசனைகளில் ஜென்னிக்கும் இடம் உண்டு. அடுத்த ஆண்டே ஜென்னி இறந்துபோனது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன மனிதக் குரங்குகள் பெரும்பாலும் இப்படித்தான் சீக்கிரம் இறந்தன. குளிர் காற்று படக்கூடாது என்று அடைத்து அடைத்து வைத்தார்கள். அடைத்த அறையில் மனிதர்களின் சளியும் காசமும் சுலபமாகத் தொற்றின.

அதே லண்டன் பூங்காவில் 1933-ல் மாக், மொய்னா என்ற இரண்டு கொரில்லாக்களுக்காக ஒரு வட்ட வீடு கட்டினார்கள். கட்டடக் கலைஞர் பெர்த்தோல்ட் லுபெட்கினின் குழு வடிவமைத்தது. பாதி வட்டம் சுவர் வைத்த அறை. மறுபாதி கோடையில் கம்பி போட்ட திறந்தவெளி. குளிர்காலத்தில் நகரும் தடுப்புகளை இழுத்து மூடினால் அதுவே பார்வையாளர் நிற்கும் கூடம். உள்ளும் வெளியும் ஒரே கட்டடத்தில். கட்டடக் கலை மாணவர்கள் இன்றைக்கும் அதைப் போற்றுகிறார்கள். கொரில்லாவுக்கு அதில் ஏற என்ன இருந்தது, படுக்க என்ன இருந்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு அழகாக இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ‘பாத்ரூம் யுகம்’ வந்தது. நோய்க்குப் பயந்து சுவர் முழுக்க டைல்ஸ், தரையில் சாய்வு, நடுவில் சாக்கடை, காலையில் குழாய் வைத்து அடித்துக் கழுவினால் சுத்தம். ஆஸ்பத்திரி மாதிரி பளபளப்பு. உள்ளே இருந்தவை வாந்தி எடுத்துத் திரும்பத் தின்றன, முடியைப் பிய்த்துக்கொண்டன, உட்கார்ந்த இடத்தில் ஆடிக்கொண்டே இருந்தன. இங்கிலாந்தில் ஹௌலெட்ஸ் என்ற தனியார் பூங்காவை நடத்திய ஜான் ஆஸ்பினல், தரை முழுக்க ஆழமாக வைக்கோலைப் பரப்பி, அதற்குள் சின்னச் சின்னத் தீனியைத் தூவிவிட்டார். கொரில்லாக்கள் நாள் முழுக்கக் கிளறிக் கிளறித் தேடின. அங்கே குட்டிகளும் நிறையப் பிறந்தன. நம் ஊரில் கோழி கிளறுவதைப் பார்த்த எந்தப் பாட்டியும் இதை முன்பே சொல்லியிருப்பார்.

அமெரிக்காவின் சியாட்டில் பூங்காவில் 1970-களின் கடைசியில் கொரில்லாக்களை நிஜ மரம், செடி, புல் இருக்கும் உலாவிடத்தில் விட்டபோது, பிடுங்கிப் போட்டுவிடும், கிளையிலிருந்து விழுந்து சாகும் என்றெல்லாம் துறை ஆட்களே பயந்தார்கள். அவை பிடுங்கின, தின்றன. ஆனாலும் காடு தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க வெளிப்புறத்தின் முகமே மாறியது.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் கணப்புப் பிரச்சினை கிடையாது. சிம்பன்சி பூமத்தியரேகைப் பக்கத்துப் பிராணி. நம் பருவநிலையில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெளியே இருக்கலாம். அதனாலேயே ‘உள்ளறைதானே, ராத்திரி படுக்கத்தானே’ என்ற அலட்சியம் சுலபமாக வந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து, ஷீட் போட்ட வாடகை அறைக்குத் திரும்பும் தொழிலாளியிடம் கேட்டால் இதன் பொருள் புரியும். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். பகல் முழுக்க வாங்கிய வெயிலைக் கூரை ராத்திரியில்தான் உள்ளே இறக்குகிறது. அவராவது பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரலாம். கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சிம்பன்சிக்கு வாசல் கிடையாது.

எனவே நம் பக்கத்து உள்ளறைக்கு வேண்டியவை வேறு. உயரமான கூரை, அதில் வெப்பக் காற்று வெளியேற வழி, எதிரெதிர் சுவரில் காற்றோட்டம், நனைந்தால் சீக்கிரம் காயும் தரை, தரையை விட்டு உயரத்தில் படுக்கை மேடை, அதில் போட்டுக்கொள்ள வைக்கோல், தழை, கோணி. கோணியை ஏளனமாக நினைக்க வேண்டாம். பல பூங்காக்களில் ஓராங்குட்டான்கள் அதைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அதை மெத்தையாகவும் போர்வையாகவும் குடையாகவும் பயன்படுத்தும் பிராணி அது.

உயரம் என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு வீடு என்றால் சதுர அடி. மரத்தில் வாழும் ஓராங்குட்டானுக்கும் கிப்பானுக்கும் சதுர அடி பெரிய விஷயமே இல்லை. பரந்த புல்வெளியில் ஏறுவதற்கு ஒன்றுமில்லாமல் விட்டால், மனிதனைக் கழுத்தளவு தண்ணீரில் குடியிருக்கச் சொன்ன மாதிரிதான். வாஷிங்டன் தேசிய பூங்காவில் 1995 முதல், ஓராங்குட்டான்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் சுமார் 15 மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி வடங்களில் தொங்கிப் போகின்றன. கீழே பார்வையாளர்கள் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் இருப்பதா, அந்தப் பக்கம் போவதா என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும்.

உள்ளறை என்றால் தூங்குவதற்கு மட்டுமா? 2016 டிசம்பர் 12-ஐத் திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். வர்தா புயல். வண்டலூர் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பூங்காவை வாரக்கணக்கில் மூடிவைத்தார்கள். அப்படியொரு நாளில் வெளிப்புற உலாவிடத்தில் அழகாக இருந்த ஒவ்வொரு மரமும் ஓர் ஆபத்து. சாய்ந்த மரம் அகழிமேல் விழுந்தால் அது சிம்பன்சிக்குப் பாலம். காற்று தொடங்குவதற்கு முன்னாலேயே விலங்குகளை உள்ளே வரவழைத்து, எண்ணிப் பார்த்துப் பூட்ட வேண்டும். புயல் நாளில் மட்டும் கூப்பிட்டால் அது வராது. தினமும் அதே நேரத்தில், அதே குரலில், அதே பழத்தைக் காட்டிக் கூப்பிட்டுப் பழக்கியிருந்தால்தான் அன்றைக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தினசரிப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு காப்பாளரின் பல வருஷ உழைப்பு இருக்கிறது.

நோயும் அப்படித்தான். 2021 ஜூன் மாதம் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்துபோனது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ சஃபாரி பூங்காவில் கொரில்லாக்களுக்குத் தொற்று உறுதியானது. மனிதனுக்கு வரும் சளி, காய்ச்சல் எல்லாம் மனிதக் குரங்குக்கு வரும், சில நேரம் நம்மைவிடக் கடுமையாக. அதனால்தான் பல இடங்களில் பார்வையாளருக்கும் அவற்றுக்கும் நடுவே கண்ணாடி வைக்கிறார்கள். உள்ளே வேலை பார்ப்பவர் முகக்கவசம் போடுகிறார். ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் தனியே பிரித்து வைக்க ஓர் அறையும் வேண்டும். அந்த அறையிலிருந்து மற்றவற்றைப் பார்க்க வழியும் வேண்டும், இல்லையென்றால் பிரிவே இன்னொரு நோயாகிவிடும்.

உள்ளேயே அடைத்து வைப்பதன் விலை என்ன என்பதை 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரம் பார்த்தது. யாரோ பறக்கவிட்ட காகித விளக்குகள் அங்குள்ள பூங்காவின் மனிதக் குரங்கு வீட்டுக் கூரையில் விழுந்து தீப்பிடித்தது. 1970-களில் கட்டிய, முழுக்க மூடிய கட்டடம். ஓராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி எனக் குரங்கினங்களும் பிற உயிர்களுமாக 30-க்கும் மேற்பட்டவை இறந்தன. பாலி, லிம்போ என்ற இரண்டு சிம்பன்சிகள் மட்டும் உயிரோடு மீண்டன.

வெளிப்புறத்துக்கும் அதற்கேயுரிய ஆபத்து உண்டு. மனிதக் குரங்குகளுக்கு நீந்தத் தெரியாது. அதனால் தண்ணீர் அகழி நல்ல வேலி என்று நினைத்துத்தான் தோண்டினார்கள். 1951-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவில் மக்கோக்கோ என்ற கொரில்லா அகழித் தண்ணீரில் விழுந்து மூழ்கியது. பார்வையாளர் கண்முன்னால் நடந்தது இது. நீந்தத் தெரியாததால் வேலி, நீந்தத் தெரியாததாலேயே சாவும்.

உள்ளே, வெளியே இரண்டும் சரியாக இருந்தால் போதுமா? இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பக்கவாட்டில் தள்ளும் இரும்புக் கதவு அது. வெளியே இருந்துதான் இயக்க முடியும். காப்பாளர் உள்ளே நுழையுமுன் எல்லாக் குரங்குகளும் மறுபக்கம் போய்விட்டனவா என்று எண்ணி, கதவை இழுத்து, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் துடைப்பத்தை எடுக்க வேண்டும். வளர்ந்த சிம்பன்சியின் பலத்துக்கு முன்னால் மனிதன் நிற்க முடியாது.

பெரும்பாலான இடங்களில் அந்தக் கதவு ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் திறக்கிறது. காலையில் திறந்து வெளியே விட்டதும் மூடிவிடுவார்கள், பார்வையாளர் ஏமாறக்கூடாது என்று. சாயங்காலம் திறந்து உள்ளே விட்டதும் மூடிவிடுவார்கள். வெயில் சுட்டாலும், மழை வந்தாலும், கூட்டம் கத்தினாலும் அது முன்பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, வெளியே ஆயிரம் பேர் கைதட்டினால் எப்படி இருக்கும்?

சிகாகோவின் லிங்கன் பார்க் பூங்காவில் இரண்டு பனிக்கரடிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2006-ல் வெளியானது. பகலில் அவற்றின் உள்ளறைக் கதவைத் திறந்தே வைத்தார்கள். ஒரே வழித்தடத்தில் திரும்பத் திரும்ப நீந்தும் கெட்ட பழக்கம் குறைந்தது, இரண்டும் சேர்ந்து விளையாடுவது கூடியது. இடம் கூடியதால் மட்டும் வந்த மாற்றம் இல்லை அது, ‘போகலாம்’ என்ற நிலைமையே நிம்மதி தருகிறது என்பது ஆய்வாளரின் கருத்து. கரடிக்கே இப்படி என்றால், சாவி எந்தப் பையில் இருக்கிறது என்பதுவரை கவனிக்கும் சிம்பன்சிக்கு எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்தின் எடின்பரோ பூங்காவில் 2008-ல் திறந்த சிம்பன்சி வீட்டில் ஒன்றோடொன்று இணைந்த மூன்று உள்ளறைகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூழல். வெளியே ஏறுவதற்குப் பெரிய அமைப்பு. எங்கே இருப்பது என்பது சிம்பன்சியின் இஷ்டம். அங்கே போய்ப் பார்த்துவிட்டு “காணோமே” என்று திரும்புகிறவர்களும் உண்டு. அதற்காகக் கதவை மூடவில்லை.

இடம் குறைந்தால் சண்டை வரும் என்பதும் பாதி உண்மைதான். நெதர்லாந்தின் ஆர்னெம் நகரப் பூங்காவில் சிம்பன்சிக் கூட்டமொன்று கோடையில் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் வெளியிலும், குளிர்காலத்தில் அதைவிட இருபது மடங்கு சிறிய கூடத்திலும் வாழ்ந்தது. இடம் இருபதில் ஒன்றாகச் சுருங்கியும் சண்டை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஒன்றுக்கொன்று முடி கோதிவிட்டுச் சமாதானம் பேசுவதுதான் அதிகமானது என்று ஃபிரான்ஸ் டி வால் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் கண்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சமாதானத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. துரத்தப்பட்டது ஓடி ஒளிய இன்னொரு வழி இருக்க வேண்டும். அதனால்தான் உள்ளறைகளை, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி வட்டமாக இணைக்கிறார்கள். முட்டுச்சந்து இருக்கும் வீட்டில் இளைத்ததுதான் அடி வாங்கும்.

கோதிவிட ஆள் இருந்தால்தானே இதெல்லாம்! இந்தியப் பூங்காக்களின் சோகம் அங்கேதான் இருக்கிறது. மைசூரு பூங்காவுக்கு 1995-ல் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து போலோ என்ற கொரில்லா வந்தது. துணை இறந்த பிறகு, நாட்டிலேயே ஒரே கொரில்லாவாகப் பல ஆண்டுகள் தனியாக வாழ்ந்து 2014-ல் இறந்தது. ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் பின்னி என்ற ஓராங்குட்டான். புனேயிலிருந்து 2003-ல் வந்தது. கடைசி ஆண்டுகளில் இந்தியா முழுக்கத் தேடினாலும் இன்னொரு ஓராங்குட்டான் கிடையாது. 2019 மே மாதம், 41 வயதில் இறந்தது. டெல்லியில் ரீட்டா; 1960-ல் ஆம்ஸ்டர்டாம் பூங்காவில் பிறந்து, நாட்டின் மிக வயதான சிம்பன்சி எனப் பெயரெடுத்து, அதே 2019 அக்டோபரில் கண்மூடியது. இவற்றுக்கெல்லாம் உணவு உண்டு, மருத்துவர் உண்டு, பிரியமான காப்பாளர்கள் உண்டு. பின்னிக்கும் போலோவுக்கும் தங்கள் மொழி பேசும் ஆள் மட்டும் இல்லை.

2021 ஆகஸ்டில் மைசூரு மறுபடி முயன்றது. ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள் வந்தன. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நான்கு ஓராங்குட்டான்கள். அவற்றுக்கெனப் புது வீடுகள். இந்தத் தடவை யாரும் தனியாக வரவில்லை என்பதுதான் அந்தக் கட்டடங்களைவிடப் பெரிய செய்தி. நான்கு ஓராங்குட்டானுக்கு எத்தனை அறை, எத்தனை கதவு, எந்தக் கதவை எப்போது திறப்பது என்ற தலைவலியும் கூடவே வரும். வேண்டிய தலைவலிதான்.

பூங்காக்களே இப்படித் திணறும் வேலையை வீட்டில் செய்துவிடலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தாவில் ஒருவர் சட்டவிரோதமாக வைத்திருந்த மூன்று சிம்பன்சிகளையும் நான்கு மார்மோசெட் குரங்குகளையும் 2019-ல் அமலாக்கத் துறை சொத்தாகக் கணக்கிட்டு முடக்கியது. சிம்பன்சி ஒன்று 25 லட்சம், மார்மோசெட் ஒன்று ஒன்றரை லட்சம், ஆக மொத்தம் 81 லட்சம் ரூபாய் என்று விலை போட்டார்கள். அந்தச் சிம்பன்சிகள் அலிப்பூர் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. சென்னை விமான நிலையத்திலும் அண்மை ஆண்டுகளில் பயணிகளின் பெட்டிக்குள்ளிருந்து கிப்பான்களை எடுத்திருக்கிறார்கள். செல்போனில் டயபர் கட்டிய குட்டிக் குரங்கின் வீடியோவைப் பார்த்து ஹார்ட்டின் போடுகிறவர்கள், ஐந்தாறு வயதில் அது என்ன பலத்தோடு இருக்கும், எந்த அறையில் அதைப் பூட்டுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

இனி வண்டலூருக்கோ மைசூருக்கோ போகிறவர்கள், சிம்பன்சி தெரிகிறதா என்று தேடுவதோடு வேறு சிலவற்றையும் தேடலாம். பின்சுவரில் உள்ளறைக் கதவு எங்கே இருக்கிறது? பகலில் அது திறந்திருக்கிறதா? மேலே ஏற எத்தனை வழி? நிழல் மத்தியானம் எந்தப் பக்கம் விழுகிறது, அந்த நிழலில் படுத்தால் கூட்டத்தின் கண்ணிலிருந்து தப்ப முடியுமா? தரையில் வைக்கோலோ தழையோ கிடக்கிறதா? ஒன்றுக்கு இரண்டாவது இருக்கிறதா? பக்கத்தில் காப்பாளர் நின்றால், “ராத்திரி எங்கே படுக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். என்ன சாப்பிடும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இதைக் கேட்டால் அவர் நின்று பேசுவார்.

பார்க்கவே முடியவில்லை என்றால் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். உச்சி வெயிலில் நாமே நிழலைத் தேடும்போது அது மட்டும் வெளியே வராது. காலையில் பூங்கா திறந்த கையோடு போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். எளாவூரிலிருந்து வருகிறவர்கள் அதற்கு விடிவதற்கு முன்னாலேயே ரயில் ஏற வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை வண்டலூர் பூங்காவுக்கு விடுமுறை.